கொரியாப் பெண் என்றால் சம்மதித்திருப்பேன்

மகனுக்கு,

உன் பள்ளிக்கூடச் சிநேகிதர்கள் சேர்ந்து எனக்கு அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். கடையில் உட்கார்ந்துதான் பார்த்தேன். மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிக்கொண்டிருந்த கையைத் துடைத்துவிட்டு, சத்தத்தைக் கூட்டி வைத்து, முழுவதும் பார்த்தேன். பூட்டான் பையன், கொரியாப் பையன், தாய்லாந்திலிருந்து இரண்டு பேர், கென்யாவில் இருக்கும் அந்த உயரமான பெண், எல்லாரும் அவரவர் ஊரிலிருந்து ஆளுக்கு இரண்டு வாக்கியம் பேசியிருந்தார்கள். கொரியாப் பையன் மட்டும் தமிழில், "அப்பா, ப்ளீஸ், ஓகே சொல்லுங்க" என்றான். நீதான் சொல்லிக் கொடுத்திருப்பாய். மற்றவர்கள் பேசியது எனக்குப் புரியட்டும் என்று கீழே தமிழில் எழுத்து ஓடவிட்டிருந்தாய். வெளிநாட்டுக்காரர், உள்நாட்டுக்காரர் என்று பேதம் பார்க்க வேண்டாம், நாங்கள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் வளர்ந்தவர்கள், எங்களோடு படித்த ஷாமினியை மருமகளாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று இருந்தது. நல்ல பிள்ளைகள். அவர்கள்மீது எனக்கு வருத்தம் இல்லை. அவர்களிடம் நீ பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறாய். வருத்தம் அதில்தான்.

வருத்தம் என்று எழுதிவிட்டேன். உண்மையில் எதுவும் தோன்றவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்போம் அல்லவா, தொடுவது விரலுக்குத் தெரியும், கன்னத்துக்குத் தெரியாது. இந்த ஒரு மாதமாக அப்படித்தான் இருக்கிறேன். சாப்பிடுகிறேன், கடை திறக்கிறேன், பேசுகிறவர்களுக்குப் பதில் சொல்கிறேன். நீ அந்த வீடியோவை ஊருக்கே காட்டிவிட்டாய். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்க நின்றால், "என்ன மாமா, மலேசியாக்காரி ஆவாதாமே ஒங்களுக்கு?" என்று கேட்கிறார்கள். அதனால் என் பதிலையும் எல்லாரும் படிக்கும்படியே எழுதுகிறேன். உன் சிநேகிதர்களுக்கு நீயே மொழிபெயர்த்துச் சொல். ஒரு வரியையும் விடாதே.

முதலில் ஒன்று. நீ கொரியாப் பெண்ணைக் கூட்டி வந்திருந்தால் நான் சம்மதித்திருப்பேன். கென்யாக்காரப் பெண் என்றாலும் சம்மதித்திருப்பேன். கல்யாணப் பந்தலில் அவள் அப்பா அம்மாவுக்கு நானே முன்னால் நின்று மாலை போட்டிருப்பேன். ஷாமினி வெளிநாட்டுக்காரி என்பதற்காக நான் மறுக்கவில்லை. அவள் வெளிநாட்டுக்காரி இல்லை என்பதால் மறுக்கிறேன்.

உன்னை அந்த மலைப் பள்ளிக்கூடத்தில் ஏன் சேர்த்தேன் என்று நீ என்னிடம் கேட்டதே இல்லை. இங்கிலீஷுக்காக என்று நினைத்திருப்பாய். அதற்கு முன் உன்னைப் பெரம்பலூர்ப் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் சேர்த்திருந்தேன், நினைவிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்க வந்தபோது, உன் பக்கத்துக் கட்டில் பையனின் அம்மாவும் வந்திருந்தார். உன் தலையைத் தடவிவிட்டு, "தம்பி எந்த ஊரு?" என்று கேட்டார். நீ சொன்னாய். "விக்கிரமங்கலம் பக்கமா? ஊர்ல எங்க, கோயில் பக்கமா, ஏரிக்கரைப் பக்கமா?" என்றார். "ஏரிக்கரை" என்று நீ சந்தோஷமாகச் சொன்னாய். ஏரியில் நீ மீன் பிடித்ததைப் பற்றிக்கூடச் சொல்ல ஆரம்பித்தாய். அந்த அம்மா சிரித்தபடியே கையை எடுத்துக்கொண்டார். அடுத்த வாரம் நான் வந்தபோது அந்தக் கட்டில் காலியாக இருந்தது. "அவனுக்குக் காத்து வரலியாம்ப்பா, சன்னல் பக்கம் போயிட்டான்" என்றாய். உனக்குப் பத்து வயது. உன் கட்டிலும் சன்னல் பக்கம்தான் இருந்தது.

ஊர்ப் பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி தெரு. நான் பிறந்த நாளிலிருந்து என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டு வருகிறார்கள். என் அப்பா பிறர் நிலத்தில் அறுத்தவர். நான் சுண்ணாம்புச் சுரங்கத்தில் கல் ஏற்றி, எரிந்துபோன பம்புசெட் மோட்டாரைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து, யாரிடமும் வேலை கற்காமல் கடை வைத்தவன். எனக்கு அந்தக் கேள்வி பழகிவிட்டது. உனக்குப் பழக வேண்டாம் என்று நினைத்தேன். உன் பக்கத்துக் கட்டிலில் படுப்பவன் அதைக் கேட்கவே தெரியாதவனாக இருக்க வேண்டும். அதற்கு எங்கே போவது என்று விசாரித்தபோதுதான், மலையில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, பல நாட்டுப் பிள்ளைகள் தங்கிப் படிக்கிறார்கள் என்று ஒருவர் சொன்னார்.

சேர்த்த அன்று உன் கட்டிலுக்கு ஒரு பக்கம் பூட்டான் பையன், மறுபக்கம் கொரியாப் பையன். கொரியாப் பையனின் அம்மா என்னிடம் வந்து, எந்த ஊர் என்று இங்கிலீஷில் கேட்டார். அரியலூர் என்றேன். அவர் அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு மகனுக்குப் போர்வை விரிக்கப் போய்விட்டார். நான் அடுத்த கேள்விக்காக அங்கேயே நின்றேன். வரவே இல்லை. உன் அம்மா வந்து, "என்னங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சட்டையைப் பிடித்து இழுக்கும் வரை நின்றேன்.

அந்தப் பள்ளியை நான் குறை சொல்ல மாட்டேன். சாப்பாட்டுக் கூடத்தில் போகப் போகப் பிள்ளைகள் நாடு வாரியாகத்தான் உட்கார்ந்தார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். தாய்லாந்துப் பிள்ளைகள் ஒரு மேசை, வளைகுடாவிலிருந்து வந்த மலையாளிப் பிள்ளைகள் ஒரு மேசை, வடநாட்டுப் பிள்ளைகள் ஒரு மேசை. நீ எந்த மேசையிலும் உட்காரலாம், ஏனென்றால் உனக்கென்று ஒரு மேசை இல்லை. நீ அதைக் குறையாகச் சொன்னாய். எனக்கு அது குறையாகப் படவில்லை. தேர்வுக்குப் பிறகு உன்னோடு விடுமுறைக்கு வந்த பூட்டான் பையன், நம் வீட்டில் பச்சை மிளகாயைச் சோற்றில் பிசைந்து தின்றான். உன் அம்மா பயந்து தயிர்ப் பானையோடு அவன் பக்கத்திலேயே நின்றாள். "அம்மா, நோ காரம்" என்று அவன் இன்னும் இரண்டு கேட்டான். ஏரிக்கரைத் தெரு முழுக்க வந்து வேடிக்கை பார்த்தது. அன்று நான் நினைத்தேன், கணக்கு சரியாகிவிட்டது என்று.

எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ நீ ஒரு கதை சொன்னாய். சுற்றுலாவுக்கு மலையிலிருந்து கீழே இறங்கினீர்கள். வழியில் வெயில் தாங்காமல் பஸ்ஸை நிறுத்தி எல்லாருக்கும் நுங்கு வாங்கிக் கொடுத்தார்கள். கொரியாப் பையன் அதைக் கண் என்று நினைத்து அலறினான், பிறகு ஏழெட்டுத் தின்றான். எல்லா நாட்டுப் பிள்ளைகளும் தின்றார்கள். இரண்டு பேர் மட்டும் தின்னவில்லை. ஒன்று நீ. இன்னொன்று மலேசியாவிலிருந்து வந்த ஒரு பெண். ஏன் தின்னவில்லை என்று நீ கேட்டாய். "எங்க வீட்ல திங்கக் கூடாது, ஏன்னு தெரியாது" என்றாள். "எங்க வீட்லயும்தான்" என்றாய். அப்படித்தான் ஷாமினியோடு உனக்குப் பழக்கம் வந்தது. நீ சிரித்துக்கொண்டே சொன்னாய், நானும் சிரித்தேன். அன்றைக்கே அவள் முன்னோர் எந்த ஊர் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்பவர்களிடமிருந்து உன்னைத் தப்பிக்க வைக்கத்தானே அங்கே அனுப்பினேன், நானே எப்படிக் கேட்பேன்?

உன் சிநேகிதர்களுக்காக இதை விளக்கிவிடுகிறேன். எங்கள் குலதெய்வம் பனையடி வீரன். ஊருக்கு வெளியே பனைமரத்தடியில் ஒரு கல். அவர் பனையில் இருப்பதால் அவரைக் கும்பிடுகிற வீட்டில் நுங்கும் பனங்கிழங்கும் தின்ன மாட்டோம். ஒரே குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கிற வீடுகள் எல்லாம் பங்காளி வீடுகள். ஒரு அப்பன் வழியில் வந்தவர்கள். பங்காளி வீட்டு ஆணும் பெண்ணும் அண்ணன் தங்கை. அங்கே பெண் கொடுப்பதும் இல்லை, எடுப்பதும் இல்லை. மாமன் வீட்டில், அத்தை வீட்டில் எடுக்கலாம். அக்காள் மகளைக்கூட எடுப்பார்கள். பங்காளி வீட்டில் மட்டும் கூடாது.

நீ போன் செய்து மலேசியாப் பெண் என்று சொன்னபோது நான் ஒரு நொடியும் யோசிக்கவில்லை. சரி என்றேன். உன் அம்மாதான், "அங்கிருந்து வர்றவளுக்கு நம்ம வூட்டு அடுப்பு பழகுமா?" என்று கேட்டாள். "அவ அடுப்புக்கு நீ பழகிக்க" என்றேன். கடைத் தெருவில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தேன். பிறகு அவள் அப்பா ராஜன் நம் வீட்டைப் பார்க்க வந்தார். கூடவே ஷாமினியும் வந்தாள், நீயும் இருந்தாய். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது ராஜன், மலேசியாக்காரர்கள் பேச்சுக்குப் பேச்சு போடும் 'லா'வோடு சொன்னார்: "அண்ணே, எங்க தாத்தா இந்தப் பக்கம்தான் லா. அரியலூர்லேருந்து கப்பலுக்குப் போனாராம். ஊர் பேரு யாருக்கும் தெரியாது. சாமி பேரு மட்டும் எங்க பாட்டி சொல்லிக் குடுத்திருக்காங்க. பனையடி வீரன். அந்தக் கோயில் எங்க இருக்குன்னு விசாரிச்சுச் சொல்றீங்களா?"

எனக்கு உடனே விளங்கிவிட்டது. உனக்குத் தெரியவில்லை, நீ "அட, நம்ம சாமிதாம்ப்பா!" என்று குதித்தாய். ராஜன் அப்போதே போக வேண்டும் என்றார். போனோம். பூசாரி கலியன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு ராஜனை மேலும் கீழும் பார்த்தார்.

"நுங்கு திம்பீங்களா?"

"இல்லைங்க. டின்ல வந்தாக்கூடப் பாட்டி விட மாட்டாங்க."

"மொத மொட்டைக்குப் புள்ள கையில என்னா கட்டுவீங்க?"

"தென்னங்குருத்து. அங்க பனை கிடைக்காதுன்னு அதையே மோதிரம் மாதிரி முடிஞ்சு கட்டுவாங்க."

கலியன் என்னைக் காட்டிச் சொன்னார்: "இவரு தாத்தா சடையன். சடையனுக்குத் தம்பி ஒருத்தன், கோவிச்சுக்கிட்டுக் கப்பலேறிட்டான். திரும்பல. ஆனா ஒவ்வொரு பூசையிலயும் கறி பிரிக்கறப்ப கப்பலேறினவன் பங்குன்னு ஒரு கூறு தனியா எடுத்து வெப்போம். அது பூசாரிக்கு. எங்கப்பன் தின்னாரு, இப்ப நான் திங்கறேன். ஒங்க பங்குதாங்க அது. கோவிச்சுக்காதீங்க."

ராஜன் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். பெரிய மனிதர், கையில் மோதிரமும் விலை உயர்ந்த சட்டையுமாக, சின்னப் பிள்ளைபோல அழுதார். "அண்ணே! ஒரே குடும்பம் லா நாம! சொந்தத்துக்குள்ளயே பொண்ணு குடுக்கறோம்! இதுக்கு மேல என்ன வேணும் லா!" என்றார். சொந்தம் என்றால் எல்லாம் ஒரே சொந்தம் என்று நினைத்துவிட்டார். கடல் தாண்டிய மூன்று தலைமுறையில் சாமி பெயர் போய்ச் சேர்ந்திருக்கிறது, நுங்கு போய்ச் சேர்ந்திருக்கிறது, யார் மாமன் மச்சான், யார் பங்காளி என்பது போய்ச் சேரவில்லை. கலியன் ஆடுகளைப் பார்த்தார். உன் அம்மா கையிலிருந்த தேங்காய் மூடியைக் கீழே வைத்தாள். ஷாமினி செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கல்லின் முன்னால் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் நெற்றி என் அத்தையின் நெற்றி. அதுவரை நான் அதைப் பார்க்கவில்லை.

எத்தனை நாட்டுப் பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடம் அது. அத்தனை பேரையும் விட்டுவிட்டு நீ பிடித்து வந்தது ஏரிக்கரைத் தெருப் பெண்ணை, அதுவும் என் தாத்தாவின் தம்பி வீட்டுப் பெண்ணை. சிரிக்க வேண்டிய விஷயம். நானும் சிரித்துப் பார்த்தேன், வரவில்லை.

அன்று மாலை நான் முடியாது என்றதும் நீ கத்தினாய். பிறகு போனில் பொறுமையாகப் பேசினாய். "அப்பா, நாலு தலைமுறை தள்ளிப் போயிடுச்சு. ரத்த டெஸ்ட் எடுத்துக் காட்டறேன். டாக்டரே ஒன்னும் இல்லங்கறாரு. அக்கா மகளக் கட்டுனா ஒத்துக்குவீங்க, அதுதான்ப்பா ஆபத்து, இது இல்ல" என்றாய். நீ சொல்வது சரி. நானும் படித்துப் பார்த்தேன், சரிதான். என்னிடம் அதற்குப் பதில் இல்லை. ஆனால் பதில் இல்லை என்பதால் சம்மதம் என்று ஆகிவிடாது. ஜாதகம் பார்க்காமல் கல்யாணம் செய்தவன் நான். ராகுகாலத்தில் கடை திறந்தவன். சாங்கியம் என்று ஊர் சொன்ன பாதியை விட்டவன். யோசித்துத்தான் விட்டேன். இதையும் யோசித்தேன். விட முடியவில்லை.

என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். நம் தெருவில் யாருக்கும் பட்டா கிடையாது, என் அப்பா காலம் வரை. எழுத்து கிடையாது, கல்வெட்டு கிடையாது. குடியிருந்த இடமே அடுத்தவன் இடம். யார் யாருக்கு அண்ணன், யார் யாருக்குத் தம்பி என்று தெரிந்து வைத்திருந்தது ஒன்றுதான் நம்முடையது. அதை யாரும் பிடுங்க முடியவில்லை. கப்பலேறினவனுக்குக்கூட இத்தனை காலம் அண்ணன் தம்பி என்று இடம் வைத்திருந்தோம். அந்தப் பெண் தங்கை இல்லை என்று நான் இன்று சொன்னால், சடையனுக்குத் தம்பியே இல்லை என்று சொன்னதாகும். அதை என் வாயால் சொல்ல மாட்டேன்.

உன் அம்மா உன் கட்சி. "கப்பலேறிப் போனவன ஒங்க வீரனா காப்பாத்துனாரு? அங்க இருந்த ரப்பர் மரம்தான் காப்பாத்துச்சு. போயி அதக் கும்புடுங்க" என்கிறாள். மலேசியாவில் நீங்கள் வைத்திருக்கும் கல்யாணத்துக்கு அவள் வருவாள். பாஸ்போர்ட்டுக்கு நானே அழைத்துக்கொண்டு போனேன். போட்டோவுக்கு அவள் சிரித்துவிட்டாள், சிரிக்கக் கூடாதாம், மறுபடி எடுத்தார்கள். நான் வர மாட்டேன். பத்திரிகையில் என் பெயரைப் போடாதே. போட்டால் பொய்யாகும்.

நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்து, எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று நீ என்னைக் கேட்க மாட்டாய், தெரியும். கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பல நாட்டுப் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளியிலேயே சேர். அதில் என் எண்ணம் மாறவில்லை. பக்கத்துக் கட்டில்காரனிடம் உன் பிள்ளை எந்த ஊர் என்று கேட்கட்டும். அதற்கு அடுத்த கேள்வியைக் கேட்கக் கூடாது என்று சொல்லி வளர்த்துவிடு. நான் உனக்கு அதைச் சொல்லிக் கொடுக்கத் தேவை இருக்கவில்லை, நீ அப்படியே வளர்ந்தாய். அந்த மட்டில் உன்னைப் பற்றி எனக்குக் குறை இல்லை.

நேற்று ஷாமினி போன் செய்தாள். உனக்குச் சொன்னாளோ தெரியாது. "மாமா" என்று ஆரம்பித்தாள். நான், "மாமா இல்லம்மா" என்றேன்.  "அப்ப நான் உங்கள என்னன்னு கூப்பிடணும்?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்டாள். "ஒங்கப்பா எனக்குத் தம்பி. நீ எனக்கு மக. பெரியப்பான்னு கூப்பிடு" என்றேன்.  மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. பிறகு, "பெரியப்பா, சாப்பிட்டீங்களா?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை. அதற்குப் பிறகு இருவருக்கும் பேச எதுவும் இல்லை. ஆனால் அவளும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.

அவளுக்கு இந்த வீட்டுக் கதவு திறந்திருக்கும். எப்போது வேண்டுமானாலும் வரலாம், எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இருக்கலாம். நான் இருக்கும்வரை அவளை யாரும் எந்தத் தெரு என்று கேட்க முடியாது. ஆடி மாதம் வீரனுக்குப் பூசை வைக்கிறோம், வா என்று சொன்னேன். வருகிறேன் என்றாள். நீயும் வருவதானால் வா, தடுக்க மாட்டேன். பூசை முடிந்து இலை போடும்போது பங்காளிகள் எல்லாரும் ஒரே வரிசையில்தான் உட்காருவோம். அண்ணன் தங்கை என்று தனி வரிசை கிடையாது. அவள் பக்கத்தில் உனக்கும் ஓர் இலை போடச் சொல்கிறேன்.

அப்பா